ஆச்சுன்னு சொல்ற வரைக்கும்

— வாங்க கண்ணுங்களா, கிட்ட வாங்க. இன்னும் கிட்ட. முட்டியோட முட்டி இடிக்கணும், அப்பதான் கதை நடுவால ஒழுகிப் போவாது. உங்களுக்குன்னே முந்தானையில முடிஞ்சு எடுத்தாந்திருக்கேன். அவுக்கிற வரைக்கும் ஒருத்தரும் எழுந்துக்கக் கூடாது. ஜோபின், கால மடக்கு ராசா.

— ஏக் மினிட், அனந்தா தீதி. இப்பதானே கட்ட ஆரம்பிச்சோம். என் பில்டிங் ஆதா தான் ஆச்சு.

— பாதி பில்டிங் ஓடிப் போவாது. கட்டையெல்லாம் அப்படியே கெடக்கட்டும். மொதல்ல கதை.

— அனந்தாக்கா, கொஞ்சம் இங்கன வாங்க.

— இங்கியே சொல்லுங்க லிடியா டீச்சர். நான் எழுந்தா இதுங்களும் எழுந்துக்கும்.

— மூணு தடவ எண்ணிட்டேன்க்கா. பதினொண்ணுதான் இருக்கு.

— தெரியும். எண்ணித்தான் குந்த வெச்சேன். மெதுவா பேசுங்க, இதுங்களுக்குப் பாம்புக் காது.

— ஷ்ரேயாவக் காணல்ல.

— ம்.

— ஸ்கூல்ல இருந்து கிளம்பையில பன்னெண்டு. பார்க் கேட்டுல பன்னெண்டு. சாக்க அவுத்துக் கட்டையக் கொட்டையில கூட இருந்தா, என் கண்ணால பாத்தேன். இவனுக்கு ஷூ லேஸ் கட்டிட்டு நிமிந்து பாக்கேன், அவ இருந்த இடத்துல ரெண்டு கட்டை மட்டும் கிடக்கு. ஏசுவே, நாலு வயசுப் பிள்ளக்கா.

— நாலும் ஆறு மாசமும்.

— நீங்க போய்த் தேடுங்கக்கா. நம்ம ஸ்கூல் ஆயா நீங்க, இந்தப் பார்க் உங்களுக்குத் தெரியும். நான் ஜனக்புரிக்கு வந்தே பத்து நாளு. நான் பிள்ளைங்க கூட இருக்கேன்.

— உங்ககிட்ட இதுங்க இன்னும் பழகல டீச்சர். நான் அந்தப் பக்கம் போனா, பதினொண்ணும் பதினோரு பக்கம் பூடும். ஒண்ணத் தேடப் போயி பன்னெண்டையும் தேடணும். நீங்க போங்க. ஊஞ்சப் பக்கம், பாத்ரூம் பக்கம், பெஞ்சுக்குக் கீழ. போன கையிலியே வெச்சுக்குங்க. மொதல்ல போலீசுக்குப் போடுங்க.

— ஸ்கூல் மேடத்துக்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு...

— மேடம் அப்பால. போலீசுக்குப் போடுங்க.

— வெளிய கூட்டிட்டுப் போகணும், மண்ணுல விளையாடணும்னு மேடத்துக்கிட்ட மன்றாடுனதே நான்தான்க்கா. நாலு சுவத்துக்குள்ள என்ன படிக்கும் பிள்ளைங்க, மரத்தப் பாக்கட்டும், தொட்டுப் பாக்கட்டும்னு. இப்ப...

— டீச்சர். நான் சொல்றேன், நீங்க அழுத்துங்க. ஒண்ணு ஒண்ணு ரெண்டு.

— அவ அம்மாவுக்கு? ரெஜிஸ்டர்ல நம்பர் இருக்க வேண்டிய இடத்துல கோடு போட்டுருக்கு.

— அவ அம்மாவ நான் பாத்துக்கறேன். தெனம் பஸ்ல அவள இட்டாந்து இட்டுக்கினு போறவ நான்தானே. நீங்க போங்க.

— பேரச் சொல்லிக் கத்துனாலும் அவ பதில் தர மாட்டாளே. நான் வந்த நாள்ல இருந்து அந்தப் பிள்ள வாயத் திறந்து நான் பாக்கல்ல.

— கண்ணால தேடுங்க. போங்க.

— தீதி, டீச்சர் ஏன் ஓடறாங்க?

— ஓடுறாங்களா? டீச்சருக்கு வெயில் புடிக்கும். நீ கதையக் கேளு. ஒரு மரம். இதே மாதிரி இலவமரம், இதே மாதிரி கீழ செவப்புப் பூவா கொட்டிக் கெடக்குது. அதுல ஒரு அம்மா அணிலு. அதுக்குப் பன்னெண்டு குட்டி.

— பாரா? டுவெல்வ்? இத்தனையா?

— அணிலுக்கு அவ்வளவு இருக்கும். ஒரு நாளு அம்மா அணிலு சொல்லிச்சு, எல்லாரும் கீழ எறங்குங்க, பூ பொறுக்கலாம், குச்சி பொறுக்கலாம், வீடு கட்டக் கத்துக்கலாம். எறங்குச்சுங்க. விளையாடுச்சுங்க. கொஞ்சம் கழிச்சு அம்மா அணிலு வாலை எண்ணிப் பாத்துது. ஒண்ணு, ரெண்டு, மூணு... பதினொண்ணு வாலு.

— ஏக் கம்.

— ஒண்ணு கம்மி.

— அம்மா அணில் ஏன் தேடப் போகல?

— மத்த பதினொண்ண யாரு பாத்துப்பாங்க? மேல பருந்து சுத்துது. கீழ பூனை.

— ரோயா? அழுததா அது?

— அழல. அது அழுதா பதினொண்ணும் அழும். அதுக்கு அழுகை வந்துது, வாலை எடுத்து வாயில வெச்சுக் கடிச்சுக்கிச்சு.

— வலிக்கும்.

— வலிச்சுது. அதுக்கு அது தேவலாம்.

— தீதி, உங்க போன்.

— சொல்லுங்க டீச்சர். ம். ஊஞ்சல்ல இல்லியா. பாத்ரூம்ல? உள்ள போயிப் பாத்தீங்களா, கதவத் தள்ளி? சரி. போலீசு இன்னா சொன்னாங்க?

— வண்டி அனுப்புதாங்களாம். என்ன டிரஸ்னு கேட்டாங்க, மஞ்ச கலர்னேன். மஞ்சளாக்கா? எனக்கு இப்ப எல்லாம் மறந்து போச்சு.

— மஞ்ச. காலருல பூ. எடது தோளு கிட்ட ஒரு தையலு விட்டு நீல நூலால தெச்சிருக்கும்.

— அவ்வளவு கரெக்டாவா. சரி சொல்லுதேன்.

— வாக்கிங் போறவங்க யாரையாவது கேளுங்க. தோட்டக்கார மாலி எங்க?

— மாலி இன்னைக்கு லீவாம்.

— சரி, தேடுங்க. ஜோபின், கண்ணு, தீதிக்கு ஒரு உதவி செய்யறியா? அந்த அணில்குட்டி எங்க போச்சுன்னு தீதிக்கே மறந்து போச்சு. கதை நின்னு போச்சு பாரு.

— தீதிக்குக் கதை மறக்குமா?

— வயசாவுதில்ல. இந்தக் கட்டைய எல்லாம் வெச்சு இந்தப் பார்க்கக் கட்டிக் காட்டு. எல்லாரும் கட்டலாம். ஆனா குந்தின எடத்துலியே. அணிலு எந்த வழியா போயிருக்கும்னு யோசிச்சுக் கட்டணும்.

— மைன் பனாவுங்கா, நான் கட்டறேன். நான்தான் ஃபர்ஸ்ட். லம்பா, நீட்டுக் கட்டை எல்லாம் எனக்கு.

— ரெண்ட மத்தவங்களுக்கும் குடு. இது இன்னாது?

— தீவார். பார்க் சுவரு. இது ஜூலா, ஊஞ்சல். இது பெஞ்ச், அந்தத் தாத்தா பேப்பர் படிக்கிற பெஞ்ச். இது நம்ம மரம்.

— மரம் சாயுதே.

— ஏக் மினிட். கீழ படா கட்டை வைக்கணும். சின்னது கீழ வெச்சா கிரேகா, விழுந்துடும். பாத்தீங்களா, இப்ப நிக்குது.

— நிக்குது. யாரு சொல்லிக் குடுத்தா?

— யாரும் இல்ல. நாலு வாட்டி விழுந்துச்சு.

— கெட்டிக்காரன். அணிலு எங்க?

— இந்தப் பூ தான் அணில்.

— பூவ எங்க வெக்கப் போற?

— ம்... இங்க.

— சுவத்துக்கு அந்தப் பக்கமா? இன்னா ராசா, அந்தப் பக்கம் வெக்கற. நடுவுல ஒரு சந்து விட்டிருக்கியே, அது வழியாவா போச்சு?

— ஹான்.

— டீச்சர், கேக்குதா. ஜோபினு பார்க்கக் கட்டிக் காட்றான். சுவத்துல ஒரு வழி விட்டு, அணிலுன்னு ஒரு பூவ அதுக்கு அந்தப் பக்கம் வெக்கிறான்.

— கேட்டு வழியாவா? ரோட்டுக்கா? ஆண்டவரே.

— தெரியல. பாருங்க. பாத்துப் போங்க டீச்சர், நீங்க ஈ-ரிக்சாவுல அடிபட்டுடாதீங்க.

— தீதி, உங்க கை ஐஸ் மாதிரி இருக்கு.

— பனி இன்னும் போவலடா. கட்டு, கட்டு. அது அணிலு, ரோட்டுக்கெல்லாம் போவாது. அணிலுக்கு ரோடு புடிக்காது. கார் எல்லாம் ஹாரன் அடிக்கும். அது காதப் பொட்டியா... பொத்திக்கினு மரத்துலியே இருக்கும்.

— தீதி, நீங்க தப்பா தப்பா பேசறீங்க.

— நாக்குக் கொழறுது. தண்ணி குடிச்சா சரியாப் போவும்.

— அக்கா. அக்கா, கேக்குதா.

— இன்னா டீச்சர், திரும்பி வந்துட்டீங்க?

— ரோட்டுல இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடிட்டேன். பழ வண்டிக்காரர்ட்ட கேட்டேன், ரிக்சாக்காரங்க எல்லார்ட்டயும் கேட்டேன். மஞ்ச சட்டைப் பிள்ளைய யாருமே பாக்கல்லயாம். இருபது நிமிசம் ஆச்சுக்கா. இருபது நிமிசத்துல ஒரு பிள்ளைய எங்க வேணும்னாலும் கொண்டு போயிரலாம்.

— அந்தப் பேச்சு வேணாம்.

— நீங்க எப்படிக்கா இப்படி இருக்கீங்க? கட்டைய வெச்சு விளையாடிக்கிட்டு, அணிலு குருவின்னு கதை சொல்லிக்கிட்டு. உங்க பிள்ளையா இருந்தா இப்படிக் குந்தியிருப்பீங்களா?

— இதுங்க கேக்குதுங்க டீச்சர்.

— மன்னிச்சுக்கிடுங்கக்கா. என்ன பேசுதேன்னே தெரியல்ல.

— சரி, தண்ணி குடிங்க. என் வாயும் காஞ்சு கெடக்குது, மீதிய எனக்குக் குடுங்க. ஜோபின், இன்னொரு தபா சொல்லு. இந்த கேட்டு வழியா அணிலு போச்சுன்னியே.

— கேட்டா? நை தீதி. இது கேட் இல்ல. கேட் உதர், அந்தப் பக்கம், படா கேட். இது செடி.

— செடியா?

— பச்சை செடி. லம்பா லைன். அதுக்குக் கீழ ஓட்டை இருக்கு.

— மருதாணி வேலி. மூலையில இருக்குதே, இடுப்பு ஒசரத்துக்கு, அது. டீச்சர், அது ஓரமா நீங்க போனீங்களா?

— போனேன். நெருக்கமா நிக்குது, எலி கூட நுழைய முடியாது.

— நின்னுக்கினு பாத்தீங்க. படுத்துக்கினு பாத்தீங்களா? இவன் ஒசரம் இன்னா, நம்ம ஒசரம் இன்னா. ஜோபின், நீ எப்படிப் பாத்த அந்த ஓட்டைய?

— பேட்கே. முட்டி போட்டு. சீன்ட்டி, எறும்பு பின்னாடியே போனேன். ஒரு லைன் போச்சு.

— அந்தப் பக்கம் இன்னா இருக்கு?

— ஏக் மினிட், கட்டறேன். இது மாலி பையா கர், அவர் வீடு. இது சூக்கா பத்தா, காஞ்ச இலை எல்லாம் படா பஹாட், மலை மாதிரி. இது... இதர் பானி.

— தண்ணி?

— கட்டை நாலு வெச்சு நடுவுல காலி. உள்ள பானி. நிறைய.

— அக்கா, எழுந்துக்காதீங்க. நீங்க எழுந்தீங்கன்னா இதுக எல்லாம்... நான் போறேன். தொட்டியாக்கா அது? மூடி இருக்கும்லா?

— செடிக்கு ஊத்தற தொட்டி. மூடி போன தீவாளியப்பவே ஒடைஞ்சு போச்சு. பூவ எங்க வெச்ச ராசா? தொட்டி பக்கத்துலியா? உள்ளியா?

— பக்கத்துல.

— நல்லா ஞாபகம் இருக்குதா? உன் பூ, பக்கத்துல. உள்ள இல்ல.

— பக்கத்துல. அது வீடு கட்டுது.

— இன்னாது?

— கர் பனா ரஹி ஹை. அதனால கூப்பிடக் கூடாது.

— எந்த அணிலுடா அது, ஜோபின்?

— ஷ்ரேயா அணில்.

— நீ அவளப் பாத்தியா?

— ஹான். நான் ஓட்டை வழியா பாத்தேன். அவ குச்சி வெச்சிட்டு இருந்தா. நான் வந்துட்டேன்.

— ஏன்டா இவ்ளோ நேரம் சொல்லல?

— லிடியா டீச்சர் ரூல் தீதி. யாராவது கட்டினா அவங்கள கூப்பிடக் கூடாது, தொடக் கூடாது, அவங்க வேலைய வேற யாருக்கும் சொல்லக் கூடாது. அவங்களே ‘ஆச்சு’ன்னு சொல்ற வரைக்கும். ஷ்ரேயா இன்னும் ஆச்சுன்னு சொல்லல.

— அக்கா. அந்த ரூல் நான் போட்டது. போன வாரம் இவன் அவ கோபுரத்தத் தட்டி விட்டான்லா, அதுக்காக. வாயே திறக்காத பிள்ள எப்படிக்கா ஆச்சுன்னு சொல்லும்? சாயங்காலம் வரைக்கும் இவன் காத்துக்கிட்டு இருந்திருப்பான்.

— ரூலு அப்பால. ஓடுங்க. போன ஆன்லியே வெய்யுங்க.

— ஓடுதேன்.

— எல்லாரும் நல்லா கட்றீங்க கண்ணுங்களா. அப்படியே. அந்தச் சின்னதக் குடு, நான் தொட்டிக்கு மூடி வெக்கறேன். இப்படி. மூடியாச்சு.

— அக்கா, வேலிகிட்ட வந்துட்டேன். ஓட்டையக் காணல்ல.

— படுங்க. பொடவை அழுக்கானா ஆவட்டும்.

— படுத்துட்டேன். இருக்கு. ஆமா, இருக்கு. ஒரு செருப்பு கிடக்கு. சின்னச் செருப்பு, ஒண்ணு.

— ஒண்ணா?

— ஒண்ணுதான். என்னால நுழைய முடியல்லக்கா, சுத்திப் போறேன். மாலி ரூம் பக்கமா வழி இருக்கு. தொட்டி தெரியுது.

— அதுல பாருங்க. மொதல்ல அதுல பாருங்க டீச்சர்.

— பாசி. பச்சையா கிடக்கு. ஒண்ணும் தெரியல்ல.

— குச்சி எடுத்து வெலக்குங்க.

— வெலக்குதேன். இலை. இலைதான். ஒரு பிளாஸ்டிக் மக்கு. அக்கா, தரை தெரியுது. முட்டி அளவுதான் தண்ணி. இல்லக்கா. உள்ள யாரும் இல்ல.

— இலைக்குவியலு பின்னாடி பாருங்க.

— அவதான். அவதான் அக்கா. மஞ்ச சட்டை. குந்தியிருக்கா. தொட்டியில இருந்து மூணடி இருக்கும். முதுகு காட்டிக்கிட்டு.

— அசையறாளா?

— கட்டிக்கிட்டு இருக்கா.

— கத்தாதீங்க. பேரு சொல்லிக் கூப்புடாதீங்க. திடுக்குன்னு எழுந்தான்னா தொட்டிப் பக்கம் சாஞ்சுடுவா. சத்தம் காட்டாம போயி, அவளுக்கும் தொட்டிக்கும் நடுவால குந்துங்க. குந்திட்டு ஒரு குச்சிய எடுத்து நீட்டுங்க. வேணும்னா வாங்கிப்பா.

— நான் ஒரு வார்த்த கூட பேச மாட்டேன். கிட்ட போயிட்டேன்.

— அப்படியே குந்துங்க.

— உக்காந்துட்டேன். குச்சிய நீட்டுனேன். பாத்தா. அது வளைஞ்சிருக்குன்னு கீழ போட்டுட்டா. வேற குடுத்தேன். வாங்கிட்டா.

— ம். வாங்கிட்டாளா.

— அக்கா, உங்களால இத நம்ப முடியாது. செங்கல் துண்டு பொறுக்கிச் சுவரு வெச்சிருக்கா. ஒண்ணு மேல ஒண்ணு நேரா வெக்கல்ல. ரெண்டு கல்லு சேருத எடத்து மேல நடுவுல ஒரு கல்லு. கொத்தனார் வைக்கறாப்புல. கிளாஸ்ல கட்டையில வெச்சு வெச்சு விழும்லா, அதுல கண்டுபிடிச்சிருக்கா. நான் சொல்லிக் குடுக்கவே இல்ல. மேல குச்சி பரப்பி இலை போட்டிருக்கா.

— எத்தினி ரூம்பு?

— ஒண்ணுதான். ஒரு ரூம்தான். கதவு இருக்கு. கதவுக்கு முன்னாடி நீளமா மண்ணக் கீறி மக்குல தண்ணி மொண்டு ஊத்தி வெச்சிருக்கா. ஆறா அது?

— நாலா.

— என்னது?

— சாக்கடை நாலா டீச்சர். ஆறு இல்ல. மதராசி கேம்ப் குடிசைங்க வாசல்ல ஓடும். போன வருசம் இடிச்சாங்கல்ல. அங்க பொறந்தவ அவ.

— ரெஜிஸ்டர்ல ஜனக்புரின்னு போட்டிருக்கே.

— அது மேடம் போட்ட அட்ரசு. அவளுக்கு இப்ப வீடு நரேலா. ரெண்டு பஸ் மாறி வரணும். போலீசு வண்டிக்கு போன் போட்டு புள்ள கெடைச்சுட்டான்னு சொல்லிடுங்க, பாவம், அலைய வேணாம். அப்பால அவ கட்டி முடிச்சதும் இட்டாங்க. அவளா எழுந்துக்கற வரைக்கும் இருங்க.

— எவ்வளவு நேரம் ஆனாலுமா?

— எவ்ளோ ஆனாலும். இருபது நிமிசம் தேடினோம். இன்னொரு அஞ்சு நிமிசம் குந்தினா இன்னா.

— தீதி, அணில் கெடச்சுதா?

— கெடச்சுடுச்சு. நீ காட்டின எடத்துலியே. ஜோபின், கேளு. கட்டறவங்கள தொந்தரவு பண்ணக் கூடாது, அது நல்ல ரூலு. ஆனா யாராவது கண்ணுக்குத் தெரியாத எடத்துல தனியா கட்டினா, அத ஓடியாந்து சொல்லணும். அது கோள் மூட்டறது இல்ல.

— இப்ப இது புது ரூலா?

— புது ரூலு.

— டீச்சர் சொன்னா தான் ரூல்.

— டீச்சரே சொல்லுவாங்க. தோ, வராங்க பாரு.

— சேட்டைக்காரா, நானும் அதத்தான் சொல்லுதேன், புது ரூல். அக்கா, இந்தாங்க உங்க பன்னெண்டாவது. கடைசிக் கல்ல வெச்சுட்டுத் தானா எழுந்து என் கையப் பிடிச்சா.

— வா ஷ்ரேயா. குந்து. இப்படி, தீதி பக்கத்துல. இன்னொரு செருப்பு எங்க? சரி. காலு பூரா மண்ணு. அப்பால கழுவலாம்.

— அவ்வளவுதானா? பிள்ளைய ஒரு தடவ தூக்கிக் கொஞ்சக் கூடாதா?

— பதினொண்ணும் பாக்குது டீச்சர். ஒண்ணத் தூக்கினா எல்லாத்தையும் தூக்கணும்.

— சாயங்காலம் நானும் உங்க கூட நரேலாவுக்கு வாரேன். அவ அம்மா முன்னால நிக்கணும். தப்பு என்னோடது, ரூல் என்னோடது. அவ திட்டட்டும், அடிக்கட்டும், இனிமே பிள்ளைய அனுப்ப மாட்டேன்னு சொல்லட்டும்.

— சொல்ல மாட்டா. அவளுக்கு இந்த மண்ணும் மரமும் புடிக்கும். புள்ள ராத்திரி சோறு துன்னுக்கினே, எறும்பு எப்படிப் போச்சு, பூவுக்குள்ள இன்னா இருந்துதுன்னு கத கதையா சொல்லும்.

— ஷ்ரேயாவா? பேசுவாளா இவ?

— வீட்டுலியா? காக்கா கூட சண்டை போடுவா.

— அப்ப இங்க மட்டும் ஏன்க்கா இப்படி?

— ரூலு போட்டது நீங்க ஒருத்தர் மட்டும் இல்ல டீச்சர். மொத நாளு அனுப்பும்போது அவ அம்மாவும் ஒரு ரூலு போட்டா. ஸ்கூல்ல ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, வாயில வரக் கூடாதுன்னு. மேடம் அந்தக் கண்டிசன்லதான் சீட்டு குடுத்தாங்க. மத்த பெத்தவங்களுக்குத் தெரிஞ்சா ஒத்துக்க மாட்டாங்கன்னு. புள்ளைக்கு அந்த ஒண்ண மட்டும் எப்படி நிறுத்தறதுன்னு தெரியல. மொத்தமா வாய மூடிக்கிச்சு.

— என்ன வார்த்தக்கா அது?

— கதைய முடிக்கணும் டீச்சர். ஜோபினு மொறைக்கிறான்.

— தீதி, ஜல்தி. அணில் வந்ததா, அம்மா அணில் அடிச்சுதா?

— அடிக்கல. எங்க போனன்னு கூட கேக்கல. வாலை எண்ணிச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணு... பன்னெண்டு. அப்பால கடிச்ச வாலை வாயிலேருந்து எடுத்துது. எல்லாத்தையும் மரத்துல ஏத்தி விட்டுட்டு, கடைசியா அதுவும் ஏறிக்கிச்சு. அவ்ளோதான் கதை. கை கூப்புங்க. இந்தக் கதையக் கேட்டவங்க வீட்டுல உலை கொதிக்கட்டும். காலையில போனவங்க பொழுது சாயறதுக்குள்ள வந்து சேரட்டும். எண்ணிப் பாத்தா ஒரு தலை கொறையாம இருக்கட்டும். கட்டின சுவரு கட்டினபடியே நிக்கட்டும்.

— மேரா கர் பீ? எங்க வீடும்?

— உங்க வீடும் ராசா. டீச்சர் வீடும். எல்லார் வீடும் நல்லா இருக்கட்டும்.

— அக்கா, இங்க பாருங்க. ஷ்ரேயா உங்க முந்தானையப் பிடிச்சு இழுக்கா. ஏதோ சொல்ல வாயத் திறக்கா.

— இன்னா கண்ணு? சொல்லு.

— நம்ம வீடும் நல்லா இருக்கட்டும், அம்மா.